ஒரு முஸ்லிமாக, அன்றாட வாழ்க்கையில் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதை (தவக்குல்) எப்படிப் பழகுகிறீர்கள்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் போடும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. இதை இன்னும் பழகிக்கொண்டிருப்பவனாகத்தான் பதில் சொல்கிறேன்.

நம் காரியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்து அவனை நம்புவதுதான் தவக்குல். எனக்கு இது புரிந்தது 'வக்கீல்' என்ற சொல்லால். சின்ன வயதில் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) ஒரு இடத் தகராறு இருந்தது. வாய்தா வரும்போதெல்லாம் தேவகோட்டை கோர்ட்டுக்குப் பஸ் ஏறுவார். பத்திரம், வரி ரசீது என்று ஒரு தாள் விடாமல் மஞ்சள் பையில் வைத்திருப்பார். கோர்ட்டுக்குள் போனால் வாயே திறக்க மாட்டார். "வக்கீல்ட்ட கொடுத்தாச்சுல்ல, அவர் பேசுவார்" என்பார். இரவில் நிம்மதியாகத் தூங்கியும்விடுவார். பின்னால் "ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்" என்பதற்கு உஸ்தாத் (மார்க்க ஆசிரியர்) பொருள் சொன்னார்: எங்களுக்கு அல்லாஹ்வே போதும், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன். நம் ஊர் வக்கீலும் இந்த வகீலும் ஒரே அரபுச் சொல், தவக்குலுக்கும் அதே வேர் என்றார். எனக்கு அத்தாவின் மஞ்சள் பைதான் கண் முன்னால் வந்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட நெருக்கமானது ஹிஜ்ரத், அதாவது நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன பயணம். மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. நபி (ஸல்) அவர்களோ முதலில் தெற்கே இருக்கும் ஸவ்ர் குகைக்குப் போய் மூன்று இரவு தங்கினார்கள். ஊர்ச் செய்தி கொண்டுவர ஒருவர், வழிகாட்டக் கூலிக்கு ஒருவர் என்று ஏற்பாடு. அந்த வழிகாட்டி முஸ்லிம்கூட இல்லை. இவ்வளவும் செய்த பிறகுதான், எதிரிகள் குகை வாசலுக்கே வந்தபோது, "கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான்" என்று கூட இருந்த தோழர் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள்.

குர்ஆன் 3:159-இலும் இதே வரிசைதான். ஆலோசனை செய், முடிவெடு, முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு. நம்மில் பலர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவுகிறோம். நான் தடுமாறுவது மூன்றாவதில். ஒப்படைத்த பிறகும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு பெரிய ஆர்டர். எங்கள் டைல்ஸ் கல்லைச் சூளையில் வைப்பதில்லை. கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். விடாத மழை. தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன், கொட்டகை வாடகைக்கு எடுத்தேன், வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொன்னேன். தஹஜ்ஜுத்தில் (பின்னிரவுத் தொழுகையில்) அழுதும் கேட்டேன். ஆனாலும் பாதி ஆர்டர் கைவிட்டுப் போனது. அந்தக் கடனைப் போன மாதம்தான் அடைத்து முடித்தேன். 'துஆ (பிரார்த்தனை) கேட்டேன், உடனே பணம் வந்தது' என்று சொல்ல என்னிடம் கதை இல்லை. ஆனால் அந்த மழை முழுக்க ஒரு கல்லைக்கூட அவசரப்பட்டுக் கண்ணாடியிலிருந்து பிடுங்கவில்லை, வேலையாட்களிடம் எரிந்து விழவில்லை. அதை எனக்குக் கிடைத்த பதிலாகவே நினைக்கிறேன்.

தினமும் செய்வது கொஞ்சம்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "பிஸ்மில்லாஹி தவக்கல்து அலல்லாஹ்" (அல்லாஹ்வின் பெயரால், அவன் மீதே பொறுப்புச் சாட்டினேன்) ஓதுவேன். அம்மா பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஓதுவார், அதையே நானும் பிடித்துக்கொண்டேன். முடிவெடுக்கத் திணறினால் அண்ணனிடம் கேட்டுவிட்டு, நல்ல வழியைக் காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுவேன். அப்புறம், இஷா தொழுகைக்குப் (இரவுத் தொழுகை) பின் கணக்கு நோட்டைத் திறப்பதில்லை. கை போனால் "வக்கீல்ட்ட கொடுத்தாச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில இரவு அதுவும் பலிக்காது, எழுந்து ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துவிட்டு மறுபடி ஒப்படைப்பேன்.

இதை எழுதும்போது வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. முற்றத்தில் இன்று காலை வைத்த கல் இருக்கிறது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு மஃரிப் தொழுகைக்குப் போகிறேன்.