வாசகர் கேள்வி: பீனிசமும் பத்து நாள் கணக்கும்

கேள்வி: மாரி தொடங்கினால் எனக்குத் தடிமன் பிடிக்கும். ஆறேழு நாளில் சளி மஞ்சளாகி, கன்னமும் மேற்பல்லும் வலிக்கும். பீனிசம் (சைனஸ் அழற்சி) என்று பார்மசியில் அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிப் போடுவேன், மூன்று நாளில் சுகமாகும். தொடரலாமா?
(வாசகி, உவர்மலை)

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். ஏழாம் நாள் குளிசை போடுகிறீர்கள், பத்தாம் நாள் சுகமாகிறது. குளிசை இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். சளியை மஞ்சளாக்குவது நம்முடைய வெள்ளணுக்கள். வைரஸ் தடிமனிலும் அதே நிறம்தான். தடிமன் பிடித்த நூறு பெரியவர்களில் இரண்டு பேருக்குக்கூட அது பக்டீரியாத் தொற்றாக மாறுவது அரிது.

ஆகவே நிறத்தை விட்டு நாட்களை எண்ணுங்கள். பத்து நாள் கடந்தும் கொஞ்சமும் குறையவில்லையா? ஐந்தாறு நாளில் சுகப்பட்டு வந்தது, மறுபடி காய்ச்சலும் வலியுமாகத் திரும்பியதா? 39 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சலும், கூடவே சீழ்ச்சளியோ முகவலியோ, மூன்று நான்கு நாள் விடாமல் நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கண் வீங்கினாலோ, பார்வை இரட்டித்தாலோ, கழுத்து விறைத்தாலோ நாள் பார்க்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கன்னம் ஏன் வலிக்கிறது? கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் (சைனஸ்) வாசல் அடியில் இல்லை. மேலே, மூக்குப் பக்கமாக இருக்கிறது. உள்ளே சுரக்கும் சளியை நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். தடிமனில் அந்தச் சின்ன வாசல் வீங்கினால் சளி தேங்கிவிடும். மேற்கடைவாய்ப் பற்களின் வேர் அறையின் தரையை ஒட்டியே இருப்பதால் பல்லும் சேர்ந்து வலிக்கும். மாறியும் நடக்கும்: சூத்தைப்பல்லின் சீழ் அறைக்குள் ஏறும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி என்றால் பல்லையும் காட்டுங்கள்.

மாரியில் இன்னொரு பயம் உண்டு. மூக்கடைப்பே இல்லாமல் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். பரசிற்றமோல் மட்டும் எடுங்கள்; ஐபுபுரூபன், அஸ்பிரின் கூடாது. இரத்தம் சோதியுங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரால் மூக்குக் கழுவினால் எரிகிறது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரை எடுக்கலாமா?
(வாசகர், சாம்பல்தீவு)

பதில்: கன்னியாவில் அள்ளிக் குளியுங்கள், மூக்குக்குள் மட்டும் விடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய நெக்லீரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறக்கூடியது. மிக அரிது, வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கொதிக்காமல் கூடாது.

அரை லீற்றர் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். தூளுப்பு நாலரை கிராம், அதாவது தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி. கூடவே ஒரு சிட்டிகை அப்பச்சோடா. உப்புக் கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்குப் பிழைக்கும். குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேற்பக்க மூக்கில் மெல்ல விடுங்கள், மற்றதால் வடியும். பிறகு மூக்கைப் பொத்திப் பலமாகச் சிந்தாதீர்கள், காதுக்குள் ஏறும். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். போத்தலைக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்கு வாங்கிய சொட்டு மருந்தை ஒன்றரை மாதமாக விடுகிறேன். அது இல்லாமல் தூக்கமே இல்லை.
(வாசகர், மூதூர்)

பதில்: சைலோமெட்டாசோலின், ஒக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டு ஐந்து நாளைத் தாண்டக்கூடாது. இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் அது மூக்கைத் திறக்கிறது; வேகம் இறங்கியதும் அவை முன்னைவிட வீங்கும். இப்போது உங்கள் மூக்கை அடைப்பது அந்த மருந்தேதான். முதலில் ஒரு பக்கத்துக்கு விடுவதை நிறுத்துங்கள், அது திறந்தபின் மற்றப் பக்கத்துக்கும் நிறுத்துங்கள். மருத்துவரைக் கேட்டு ஸ்டீரொயிட் ஸ்பிரே தொடங்கலாம். வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரில் படாமல் கண்ணின் வெளியோரம் பார்த்து அடியுங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், பொறுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி. ஆவி பிடிக்கலாமா?
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: வேண்டாம், கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்தால் பிள்ளை வெந்துபோவான். இந்த வயதில் ஒரு பக்க நாற்றம் என்றால் மணியோ புளியங்கொட்டையோ உள்ளே சிக்கியிருக்கும் என்றே முதலில் நினைக்க வேண்டும். நீங்கள் கிண்டினால் இன்னும் உள்ளே போகும். விளையாட்டுச் சாமானின் வட்டப் பற்றறியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். இன்றைக்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.