கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பா போகவிருந்த விமானம் ரத்தாகி மூன்று நாள் போய்விட்டது. மீதி நாளுக்காகப் போகலாமா, மொத்தமாகக் கைவிடலாமா?

போங்கள்.

ஓட்டலுக்குக் கட்டிய பணம் திரும்பாது. விசா தேதி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நிலைமை இதுதானே? 2010 டிசம்பரில் என் நிலைமை இதுதான்.

நான், மனைவி, மாமியார். சென்னையிலிருந்து பிராங்பர்ட், அங்கிருந்து ரயிலில் கொலோன். 21ஆம் தேதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வாரம் மேற்கு ஐரோப்பா முழுக்கப் பனி. லண்டன் ஹீத்ரோ 18ஆம் தேதி மூடி, அதன் பிறகும் பல நாள் தடுமாறியது. எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானமே அங்கிருந்து கிளம்பவில்லை என்று மீனம்பாக்கத்தில் நடுராத்திரி சொன்னார்கள். அடுத்த இடம் 23 இரவுதான். நான் ரத்து செய்துவிடலாம் என்றேன். மாமியாருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. "பனிமய மாதா ஊர்க்காரியப் பனி தடுக்குமாய்யா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் என்ன பேச?

'குளிரில் ஏன் போனாய், மே மாதம் போயிருக்கலாமே' என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: ஐடியில் இருப்பவனுக்கு அமெரிக்க கிளையன்ட் விடுமுறைக்குப் போனால்தான் லீவு. என் மாமனார் இறந்த மூன்றாம் நாள் கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவன் நான். மே மாத லீவைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். சரி, விடுங்கள்.

அத்தைக்குக் கொலோன்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை அந்தப் பேராலயத்தில்தான் இருக்கின்றன. 1164இல் மிலானிலிருந்து கொண்டுவந்தவை. அவற்றை வைக்கத்தான் 1248இல் இப்போதைய கோயிலைக் கட்டத் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டு அப்படியே போட்டுவிட்டு, 1880இல் முடித்தார்கள். எனக்குக் கோயில் ஆர்வமெல்லாம் கிடையாது. நான் போனது கிறிஸ்துமஸ் சந்தைக்கு.

24 மதியம் ஒரு மணிக்குக் கொலோன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே 157 மீட்டர் உயரக் கோபுரங்கள். பக்கத்துச் சதுக்கத்தில் சந்தைக் கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே சந்தை 23ஆம் தேதியோடு முடிந்துவிடுமாம்! 'சந்தை சுற்றுலா' என்று திட்டம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பல ஊர்ச் சந்தைகள் 23 அல்லது 24 மதியத்தோடு சரி. 24 மதியம் இரண்டு மணிக்குக் கடைகளும் அடைப்பு, 25, 26 இரண்டும் விடுமுறை. எங்களுக்கு 26 ஞாயிறு வேறு. ஸ்டேஷன் கடைகளும், பின்பக்கம் வைடன்காஸே தெருவில் துருக்கியர் கடையில் கிடைத்த பருப்பு சூப்பும்தான் காப்பாற்றின.

நள்ளிரவுப் பூசைக்கு உட்கார இடமில்லாத கூட்டம். அத்தைக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. ஆனால் எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. நான்தான் அவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன். பீடத்துக்குப் பின்னால் ராஜாக்களின் தங்கப் பேழையைக் காட்டியதும், "நம்ம மாதா தங்கத் தேர் கணக்கால்லா இருக்கு, சக்கரந்தான் இல்ல" என்றார். கிறிஸ்துமஸ் காலை அந்தக் கோயிலின் பெரிய மணியைக் கேட்டோம். 1923இல் வார்த்தது, 24 டன். பெரிய திருநாள் மாதிரி முக்கியமான நாட்களில் மட்டும்தான் அடிப்பார்கள்.

26ஆம் தேதி வேறு வழியில்லாமல் ரைன் ஆற்றோரம் நடந்தோம். மரியா லிஸ்கிர்ஹன் என்று ஒரு சின்னப் பழைய கோயில். 1784 வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று வாசலுக்கு மேலே குறித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குடில். இடையர்களோடு அந்தத் துறைமுகப் பேட்டையின் சனங்களும் நிற்கிறார்கள், பாலியல் தொழில் செய்யும் பெண் உட்பட. அத்தை அதில் நிற்கவில்லை. ஓரத்தில் இருந்த மாதா சிலையிடம் போய்விட்டார். படகோட்டிகளின் மாதாவாம். மனைவி சொன்னதும் அத்தை அந்தக் கல்தரையில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். கடலுக்குப் போகிறவர்கள் குடும்பத்தில் பிறந்தவர். அரை மணி நேரம். நான் வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தேன், இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

மாமியார் புராணம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம்: புறப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து என்றாலோ, அங்கே போவது ஒன்றிய நாட்டு விமான நிறுவனத்தில் என்றாலோ, ரத்தானால் மாற்று விமானமா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. காத்திருக்கும்போது சாப்பாடும், ராத்திரி தங்க நேர்ந்தால் ஓட்டலும் அவர்கள் பொறுப்பு. பனியால் ரத்து என்றால் இழப்பீட்டுத் தொகை பொதுவாகக் கிடைக்காது, ஆனால் சாப்பாடும் ஓட்டலும் தர மாட்டோம் என்று சொல்ல முடியாது. எனக்கு அப்போது இது தெரியாது. கேட்கவும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒரு செய்தி படித்தேன். ஜனவரி 6, அந்த மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அடித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது. 800 கிலோ. அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நாம கேட்டுட்டு வந்த பொறவுதானய்யா விழுந்துச்சு?" என்றார்.