படம் பார்க்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்

வணக்கம். சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதியில், கட்டுமான வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லித் தருவதாகவும், ஸ்லைடையும் வீடியோவையும் ரசிக்கிறவர்கள் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஸ்லைடுகளைக் குறையுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே படம் போதும். கட்டுமான இடத்தில் ஒருவர் பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் உயரத்தில் நிற்கும் படத்தைப் போட்டு, "எங்கே தப்பு?" என்று மட்டும் கேளுங்கள். அந்த விஷயத்தில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள், சும்மா இருக்க மாட்டார்கள். முதலில் தமிழில் வரட்டும். அப்புறம் "நோ பெல்ட்" என்று வரும். அதையே "ஹி இஸ் நாட் வேரிங் எ பெல்ட்" என்று நீங்கள் முழுதாகச் சொல்லி, அவர்களையும் சொல்ல வையுங்கள். சூப்பர்வைசரிடம் மறுநாளே தேவைப்படக்கூடிய வாக்கியம் அது.

வீடியோ ஒரு நிமிடம் இருந்தால் போதும். முதலில் சத்தமில்லாமல் ஓட்டி, என்ன பேசுகிறார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு சத்தத்தோடு, கடைசியில் ஆங்கில சப்டைட்டிலோடு. தமிழ் சப்டைட்டில் வேண்டவே வேண்டாம், கண் அதிலேயே நின்றுவிடும்.

அனிமேஷன், பின்னணி இசை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாடத்தோடு ஒட்டாத அலங்காரம் கற்பதைக் கெடுக்கும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை எடுத்துப் போங்கள். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஊட்ரம் பார்க்கில் மாறலாம், பூகிஸிலும் மாறலாம். எது நல்ல வழி என்று இரண்டு பேர் ஆங்கிலத்தில் வாதாடட்டும்.