கார்த்திகையில் குளம், சித்திரையில் கட்டாந்தரை: இந்த இடத்துக்குப் பட்டாம்பூச்சி வருமா?

கேள்வி: கூடுவாஞ்சேரியில் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. களிமண். கார்த்திகையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. கொரியன் புல்லும் ரோஜாவும் காய்ந்துபோயின. தேனீ, பட்டாம்பூச்சி வருகிற மாதிரி, அதிகம் தண்ணீர் கேட்காத தோட்டம் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நர்சரிக்குப் போவதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள். உங்கள் பக்கம் வருஷ மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015இல் வெள்ளம் பார்த்த சென்னை 2019இல் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது. தோட்டம் இரண்டையும் தாங்க வேண்டும். எனவே தண்ணீர் நிற்கிற இடத்தை மண் கொட்டி மட்டம் செய்யாதீர்கள். அஸ்திவாரத்திலிருந்து தள்ளி, அங்கேயே இன்னும் ஒரு அடி தோண்டுங்கள். எடுத்த மண்ணை மக்கிய எருவோடு கலந்து மறுபக்கம் மேடாக்குங்கள். பள்ளத்துத் தண்ணீர் ஒரு வாரத்துக்குள் வடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் கொசு வளரும்.

பள்ளத்தின் கரைக்கு நொச்சி. நனைந்தாலும் காய்ந்தாலும் தாங்கும், அதன் ஊதாப் பூவுக்குத் தேனீக்கள் நன்றாக வரும். தரைக்குப் புல்லுக்குப் பதில் பொடுதலை. வயல் வரப்பில் படர்கிற அதே செடிதான். வெட்ட வேண்டியதே இல்லை. பூக்கும்போது தேனீ மொய்க்கும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடினால் மட்டும் கவனம்.

மேட்டில் ஆவாரை. இதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும், வெளியே வர நுனியில் சின்னத் துளைதான் வழி. கருவண்டு (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருப்புத் தேனீ) பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. அதனால் தேனுக்காகத் தும்பையும் துளசியும் பக்கத்தில் இருக்கட்டும். கருவண்டு கூடு கட்ட ஒரு காய்ந்த மரக்கட்டையை ஓரமாகப் போட்டுவையுங்கள். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களும் உண்டு, அவற்றுக்காக மேட்டில் கொஞ்சம் இடத்தை மூடாமல் விடுங்கள்.

பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, முட்டையிட இலை வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சையில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன், ஆடுதின்னாப்பாளையில் சிவப்பு உடல் கொண்ட ரோஜா அழகிகள். (எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எருக்கு வேண்டாம்.) புழு இலையைத் தின்னும், செடி மொட்டையாகக்கூட நிற்கும். அதற்குத்தானே வைத்தோம்! அந்தச் செடிகளில் வேப்பெண்ணெய்கூடத் தெளிக்காதீர்கள். சமையலுக்கு இன்னொரு கறிவேப்பிலைக் கன்று வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

உண்ணிச்செடியை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். பட்டாம்பூச்சி வரும்தான், ஆனால் அது காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் அயல் செடி. அடுக்குச் செம்பருத்தியும் வேண்டாம், மகரந்தம் தர வேண்டிய பகுதியெல்லாம் இதழாகிவிட்டிருக்கும். ஒற்றைச் செம்பருத்தி சரி.

நடுவதற்கு ஆவணி நல்லது, மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆவாரைக்குச் சாலையோரத்துக் காய்ந்த நெற்றுகளே போதும். விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். முதல் கோடையில் வாரம் இருமுறை ஊற்றி, சருகு மூடாக்குப் போடுங்கள். அடுத்த கோடையில் இலை வாடினால் மட்டும் ஊற்றினால் போதும்.