வீட்டிலேயே செய்த மின்கார் சார்ஜர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. போர்டை மாற்றியும் சரியாகவில்லை. என்ன காரணம்?

"போர்டை மாற்றியும் சரியாகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் மாற்றினேன். இரண்டு முறை.

சுவரில் மாட்டியிருப்பது சார்ஜரே இல்லை, சார்ஜர் காருக்குள் இருக்கிறது, இது வெறும் சுவிட்ச் என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். ஊரே சார்ஜர் என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன். "இதையெல்லாம் வீட்டில் செய்யலாமா" என்பவர்களுக்கு: எர்த் இருக்கிறது, கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் ஒருவர் திறந்து பார்த்துத்தான் லைனே கொடுத்தார். போதுமா?

உங்களுடையதும் என்னுடையது மாதிரிதான் என்று வைத்துக்கொள்கிறேன். காரைச் சொருகியதும் கான்டாக்டர், அதாவது காருக்கு மெயின் மின்சாரத்தை விடும் பெரிய ரிலே, 'டக்' என்று இழுக்கும். உடனே விட்டுவிடும். திரை அணைந்து மறுபடி எரியும். கார் தயாராக நிற்பதைப் பார்த்து மறுபடி 'டக்'. நாலு நொடிக்கு ஒருமுறை, பல்லி கத்துகிற மாதிரி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு கார் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடும்.

மூன்று வாரம் போர்டில் ஓடும் புரோகிராமைத்தான் திட்டினேன். பிறகு பவர் சப்ளையைத் திட்டினேன், 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இதற்கிடையில் "ரெடிமேடாக ஒன்று வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் தினம் ஒரு தடவை சொல்லக் கேட்டேன்.

ஏன் செத்தேன் என்று சிப்பே சொல்லும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் போர்டின் மூளையான ஏடிமெகா328 சிப்பில் கடைசி ரீஸ்டார்ட்டின் காரணத்தைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்டர் (சின்ன நினைவிடம்) ஒன்று உண்டு. மின்சாரம் புதிதாக வந்ததா, வோல்டேஜ் சரிந்ததா, வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்துபோனால் சிப்பை ரீஸ்டார்ட் செய்யும் டைமர்) உதைத்ததா, வெளியிலிருந்து ரீசெட் பின் இழுக்கப்பட்டதா என்று நாலு பிட். உங்கள் சிப் ஈஎஸ்பி32 என்றால் அதற்கும் இதே மாதிரி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. புரோகிராம் தொடங்கியதும் அதைப் படித்து, திரையின் முதல் வரியில் காட்டச் சொல்லுங்கள். (சில பூட்லோடர்கள், அதாவது சிப்பில் முதலில் ஓடும் குட்டிப் புரோகிராம்கள், அதை அழித்துவிட்டுத்தான் உங்கள் புரோகிராமுக்கு வழிவிடும், அதையும் கவனியுங்கள்.) லேப்டாப்பை யுஎஸ்பியில் சொருகிப் பார்க்காதீர்கள். அது தன் பங்குக்கு 5 வோல்ட் கொடுத்து நோயை மறைத்துவிடும்.

என் திரையில் வந்தது: ரீசெட் பின்.

அந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடிக்கடி ரீஸ்டார்ட் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பெட்டியின் மூடியில் ஒரு ரீசெட் பட்டன் வைத்திருந்தேன். அதன் ஒயர் ஒரு முழ நீளம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்குப் போகும் ஒயரோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தேன். காயிலை ஓட்டும் சின்ன ரிலே மூடும்போது அதன் முனைகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் காயில் ஒரு வோல்டேஜ் உதை விடும். அந்த உதை பக்கத்து ஒயர் வழியாக நேராக ரீசெட் பின்னுக்குப் போயிருக்கிறது.

பட்டனைக் கழற்றி எறிந்தேன். ரீசெட் பின்னை 5 வோல்ட்டோடு பிடித்து வைக்க 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர், உதையை அடக்கக் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் மெயின் வோல்டேஜைத் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டேன். உங்கள் காயில் டிசி என்றால் ஒரு டையோடு போதும். 'டக்' ஒரே தடவையோடு நின்றது.

இங்கே முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மறுநாள், சார்ஜ் ஏறிக் கால் மணி நேரத்துக்குப் பிறகு, மறுபடி ரீஸ்டார்ட். இந்தத் தடவை திரையில் வேறு காரணம்: வோல்டேஜ் சரிவு.

எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று காருக்கு, பைலட் ஒயரில் (பெட்டியும் காரும் பேசிக்கொள்ளும் ஒயர்) போகும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலைதான் சொல்கிறது. ஒவ்வொரு அலையிலும் அது மேலே நிற்கும் நேரம் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 53 சொச்சம் என்றால் 32. என்னுடையது 32-ல் இருந்தது. 6-க்கு இறக்கிவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன், ஒரு தடவைகூட விழவில்லை. 32-க்கு ஏற்றினால் கால் மணியில் விழுகிறது. தளர்ந்த இணைப்பில் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும், 6-க்கும் 32-க்கும் நடுவே 28 மடங்கு வித்தியாசம். மெயினை அணைத்து, மீட்டரை வைத்து உறுதி செய்துகொண்டு திறந்தேன். உள்ளே வரும் நியூட்ரல் ஒயரின் உறை முனையில் டீ நிறமாகியிருந்தது. பல இழை ஒயரை ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) போடாமல் வெறுமனே திருகின் கீழ் செருகியிருந்தேன். ஸ்க்ரூடிரைவரை வைத்தால் முக்கால் சுற்று சுற்றியது. 5 வோல்ட் சப்ளையும் அதே முனையிலிருந்துதான் மின்சாரம் எடுத்தது. கருகிய முனையை வெட்டி, ஃபெரூல் அழுத்தி, டெர்மினலையும் புதிதாக மாற்றி முறுக்கினேன். அதோடு சரி.

ஆகவே, உங்களுடையது எந்த நொடியில் விழுகிறது? கான்டாக்டர் இழுக்கும்போதா, சூடேறிய பிறகா, அல்லது கடிகாரம் வைத்த மாதிரி ஒரே இடைவெளியிலா? மூன்றாவது என்றால் வாட்ச்டாக்தான், அப்போது புரோகிராமைத் திட்டலாம். முதலாவது என்றால் காயிலைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டி ஓட்டிப் பாருங்கள், பல்பு உதைக்காது, ரீஸ்டார்ட் நின்றால் காயில்தான் குற்றவாளி. அதற்குக் கார்கூட வேண்டாம்: ஒரு டையோடு, 2.74 கிலோ ஓம், 1.3 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு சுவிட்ச். பைலட்டில் 9 வோல்ட்டும் (கார் சொருகியிருக்கிறது) 6 வோல்ட்டும் (சார்ஜுக்குத் தயார்) வரவழைத்தால் பெட்டி அதைக் கார் என்றே நம்பும்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் இதே கேள்வியை யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அச்சு அசலாக என் பிரச்சினை, அதே நாலு நொடி 'டக்'. ஆவலாகக் கடைசிக்குப் போனால் கேட்டவரே எழுதியிருப்பார்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் இல்லை, நாலு பேர்.

நீங்கள் ஐந்தாவது ஆளாக ஆகாதீர்கள். திரையில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள்.