உறுதிமொழியில் கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்தி வருகிறோம். கட்டிங், செக்கிங், பேக்கிங் எங்கள் கட்டடத்தில் நடக்கின்றன; தையலில் பெரும்பகுதியைக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கொடுக்கிறோம்; நூல் வெளி மில்களிலிருந்து வருகிறது. ‘எங்கள் தொழிலிலும் எங்களுக்குச் சரக்கும் சேவையும் தருபவர்களிடமும் நவீன அடிமைமுறை இல்லை’ என்ற உறுதிமொழியில் கையெழுத்திடுமாறு எங்கள் சரக்கை வாங்கும் இங்கிலாந்து பையர் ஒருவர் கேட்கிறார். எங்களிடம் அப்படி யாரும் இல்லை, கையெழுத்திடலாமா? காண்ட்ராக்ட்காரர்கள் ஆட்களுக்குத் தரும் அட்வான்ஸும் இதில் சேருமா?

பதில்: அந்தத் தாளில் உள்ள வாசகத்துக்கு அப்படியே கையெழுத்திட வேண்டாம். உங்கள் கட்டடத்துக்குள் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஜாப் ஒர்க் யூனிட்டிலும் மில் விடுதியிலும் நடப்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. உறுதிமொழியோ இரண்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கச் சொல்கிறது. நவீன அடிமைமுறை என்பது, கடனாலோ மிரட்டலாலோ ஒருவரை விட்டுப் போக முடியாதபடி வேலையில் பிடித்து வைப்பது.

பையர் இதைக் கேட்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள் தம் தொழிலிலும் விநியோகச் சங்கிலியிலும் எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும். அந்தச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. பையர் தம் சுமையில் ஒரு பங்கை உங்கள் தலையில் இறக்கி வைக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டு வந்த ஒழுங்குமுறை. 2027 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வரவிருக்கும் அது, கட்டாய உழைப்பில் உருவான பொருளையே சந்தையிலிருந்து விலக்குகிறது. செய்த நிறுவனம் சிறியதா பெரியதா என்று பார்ப்பதில்லை.

இனி அட்வான்ஸ். தொழிலாளிக்கு முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ, சந்தைக் கூலிக்குத் தம் உழைப்பை விற்கும் உரிமையையோ இழந்தால், 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அங்கே நுழைந்துவிடுகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு தொழிலாளிக்கு இல்லை என்றும், கடன் அப்படிப்பட்டது அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவரையே சாரும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் ஒரு முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸை இன்னொரு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி அடைத்துவிட்டு அவர் தறிக்கு மாறுவது பல காலமாக உள்ள வழக்கம். ‘நாங்கள் யாரையும் கட்டிப்போடவில்லை, அவர்களாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள்’ என்று இதற்குச் சொல்லப்படும் பதிலில் பாதி உண்மை இருக்கலாம்; ஆனால் கேட்டு வாங்கினாரா என்பதைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை, விட்டுப் போக முடியுமா என்பதையே பார்க்கிறது.

ஆகவே யூனிட்டுக்குச் செல்லும்போது சம்பளப் பட்டியலோடு நின்றுவிடாமல், காண்ட்ராக்ட்காரரின் சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டையும் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒடிசாவிலிருந்து வந்த டெய்லரின் பெயருக்கு எதிரே அட்வான்ஸ் 15,000, வாரப் பிடித்தம் 500 என்று இருக்கட்டும். கடன் முப்பது வாரத்தில் தீர வேண்டும். அதே பக்கத்தில் ரயில் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், ரூம் வாடகை, மெஸ் பாக்கி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே வந்து, முப்பதாவது வாரத்திலும் பாக்கி பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் நின்றால், அந்த மனிதர் எத்தனை ஷிப்ட் பார்த்தும் வெளியே வரப்போவதில்லை. ஆள் சேர்ப்புச் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்கும் என்றும், முன்பணத்துக்கு உச்சவரம்பு உண்டு என்றும், இடையில் நின்றால் அன்றுவரையிலான கூலி பிடிக்கப்படாது என்றும் ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆதார் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு மேலாளரின் டிராயரில் கிடந்தால், ‘பத்திரத்துக்காக வாங்கி வைத்தோம்’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் கூலியை நிறுத்தி வைப்பதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த கட்டாய உழைப்பின் பதினோரு அறிகுறிகளில் அடங்கியவை.

கூலியின் அளவையும் பாருங்கள். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்கடியும் ஒரு வகைக் கட்டாயமே என்பது அதன் விளக்கம்.

நூற்பாலைகளைப் பொறுத்தவரை, திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்த சுமங்கலித் திட்டம் கொங்கு மண்டலத்துக்கு வாங்கித் தந்த கெட்ட பெயர் இன்னும் முழுதாக நீங்கவில்லை. இன்று அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். முறை மட்டும் ‘கேம்ப்’ என்ற பெயரில் எங்கேனும் தொடர்கிறதா என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். மில்லின் சான்றிதழ்களைவிட விடுதி வாசலில் உள்ள வெளியே செல்லும் பதிவேடு அதிகம் பேசும்: ஞாயிற்றுக்கிழமை வார்டன் துணையில்லாமல் யாராவது கடைவீதிக்குப் போயிருக்கிறார்களா, கைப்பேசி கையில் இருக்கிறதா, ஊருக்குப் போக யாருடைய அனுமதி வேண்டும், சம்பளம் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுகிறதா. 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விடுதிப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தொழிலாளர்களிடம் பேசும்போது சூப்பர்வைசரும் வார்டனும் உடன் இருக்கக் கூடாது; தேவையானால் இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

பையரிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து நாளில் ஷிப்மென்ட் என்று நெருக்கிவிட்டு, பீஸுக்கு நாலணாவைக்கூட ஏற்றித் தராமல், ‘ஒன்றரை ஷிப்டுக்கு மேல் ஓட்டக் கூடாது’ என்று உறுதிமொழி கேட்பது நியாயமன்று. ஆர்டர் அவகாசமும் விலையும் எப்படி இருந்தால் இந்த நிபந்தனைகளைக் காக்க முடியும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அதைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் உங்களுக்குக் கிடைக்காது.

தவறு தென்பட்டால் அந்த யூனிட்டுக்கு ஆர்டரை உடனே நிறுத்தி ஒதுங்கிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனால் கெடுவது பெரும்பாலும் தொழிலாளியின் பிழைப்புத்தான். கடனைத் தள்ளுபடி செய்யவும் ஆவணங்களைத் திருப்பித் தரவும் நிலுவையைக் கொடுக்கவும் தேதி குறித்து, தொழிலாளர்களையே கேட்டுச் சரிபாருங்கள். ஆளை அடைத்து வைத்திருப்பதோ, மிரட்டி வேலை வாங்குவதோ தெரிந்தால் அவகாசம் கொடுக்க வேண்டாம்; மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று வழங்குவது அவர்கள் அதிகாரத்தில் உள்ளது. அரசின் மறுவாழ்வு உதவிக்கு அந்தச் சான்று முக்கியம்.

பையருக்கு அனுப்பும் வாசகத்தில் ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக, எந்தெந்த யூனிட்டையும் மில்லையும் எப்போது பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள், எதைத் திருத்தினீர்கள், இன்னும் பார்க்க வேண்டியவை எவை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவருடைய சட்டம் கேட்பதும் எடுத்த நடவடிக்கைகளின் விவரத்தைத்தான்; எனவே இதை அவர் மறுப்பதற்குக் காரணமில்லை.