கடைசி வரியில் எழுதியதுதான் முக்கியம்

மன்னார்குடி வாசகிக்கு,

நீங்கள் எழுதியபடி உள்ளங்கை வியர்ப்பதும், நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்வதும் மட்டுமே நோயாகிவிடாது, விடுங்கள். இணையத் தேர்வில் சுயமதிப்பு 30-க்கு 9, மனக்கலக்க இயல்பு (எளிதில் கவலையும் பதற்றமும் கொள்ளும் தன்மை) அதிகம் என்று வந்ததால், 'பிறவிக் குணம், மாறாது' என்று முடிவுகட்டிவிட்டீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில் 'நான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும்' என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதுதான்.

மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சோறு இறங்கவில்லை, ரைஸ் மில் கணக்கில் ஒரே கூட்டலைப் பத்துத் தடவை போடுகிறீர்கள். இதோடு அந்த வரியும் சேர்ந்தால், அதை மனச்சோர்வு நோய் என்றே எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். குணம் மூன்று வாரத்தில் முளைக்காது. இன்றே அம்மாவிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அவர் அப்புறப்படுத்தட்டும். நாளை காலையே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்குள் அந்த எண்ணம் அழுத்தினால், அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

நீங்கள் எழுதிய சுயமதிப்புத் தேர்வு, ரோசன்பெர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1965-இல் வெளியிட்ட அளவுகோல். பத்தே வாக்கியங்கள், அதில் ஐந்து தன்னைக் குறைத்துச் சொல்பவை. சோர்வில் இருப்பவர் அந்த ஐந்துக்கும் 'ஆமாம்' என்றுதான் போடுவார். காய்ச்சலில் நாடியை எண்ணிவிட்டு, இவருக்கு எப்போதும் இப்படித்தான் துடிக்கும் என்று எழுதிவைப்போமா? உளவியலாளர்கள் ஆளுமையை அளக்கும் ஐந்து பண்புகளில் சுயமதிப்போடு மிக நெருங்கி, எதிர்த்திசையில் போவது மனக்கலக்க இயல்புதான். இரண்டின் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே வேதனையைத்தான் தொடுகின்றன. இரண்டு குறை என்று நீங்கள் பயந்தது ஒன்றையே இருமுறை எண்ணியது. பரம்பரைக்கு இதில் ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. அதற்காகக் கல்வெட்டு அல்ல. இருபதுகளைத் தாண்டும்போது கலக்கம் பொதுவாகத் தணியும். சுயமதிப்பு சராசரியாக அறுபது வயதுவரை ஏறும். உங்களுக்கு 26.

பதற்றம் தணிக்க அப்பா வைத்திருக்கும் அல்பிரசோலம் மாத்திரையைத் தினமும் போட யார் சொன்னது? பயத்தில் சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள். நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை அட்டை அம்மாவிடம் இருக்கட்டும், நாளை அவரே எடுத்துவரட்டும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன முடி கொட்டுவதற்கும் அங்கேயே விடை கிடைக்கலாம். மருந்து எழுதினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நடுவில் விட்டுவிடாதீர்கள். அந்தத் தேர்வைத் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு எழுதிக்கொள்ளலாம்.